நட்சத்திரம் போட்ட நோட்டு செல்லுமா? ரூபாய் நோட்டின் எண்களும் குறிகளும்

எண்ணுக்கு நடுவில் நட்சத்திரம் போட்ட 500 ரூபாய் நோட்டைக் குன்னூர் மார்க்கெட்டில் நீட்டினால், புரட்டிப் பார்த்துவிட்டு "வேற நோட்டு இருந்தா குடுங்க" என்று திருப்பிக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது கள்ள நோட்டு என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது. 2023 ஜூலையில் ரிசர்வ் வங்கியே அறிக்கை விட்டு, நட்சத்திரக் குறி உள்ள நோட்டும் மற்ற நோட்டுகளைப் போலவே செல்லும் என்று சொல்லிவிட்டது. வதந்தி மலையேறி வந்த வேகத்தில் மறுப்பு ஏறி வரவில்லை.

நோட்டைக் கையில் வாங்கியதும் நம்மில் பலருடைய கண் எண்ணுக்குத்தான் போகிறது. அசலா போலியா என்பதையும் அதை வைத்தே முடிவு செய்யப் பார்க்கிறோம். எண்ணின் வேலை அது கிடையாது. டிஎன் 43 என்று பலகையில் யார் வேண்டுமானாலும் எழுதி வண்டியில் மாட்டிக்கொள்ளலாம். அதனால் அந்த வண்டி நீலகிரியில் பதிவானது என்று ஆகிவிடாது. நோட்டிலும் அப்படித்தான். கள்ள நோட்டு அடிக்கிறவனுக்கு ஆகச் சுலபமான வேலை எண்ணைக் காப்பியடிப்பது.

நோட்டில் அச்சாகியிருக்கும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேள்விக்குப் பதில். யார் கொடுத்த நோட்டு, எத்தனையாவது நோட்டு, எப்போது அச்சானது, அசலா இல்லையா, கண் தெரியாதவர் எப்படி அறிவார், இப்படித் தனித்தனிக் கேள்விகள். எந்தக் குறி எதற்கு என்று தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. சரி, ஒரு 500 ரூபாய் நோட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

எண் என்ன சொல்கிறது

முன்பக்கத்தில் மேலே இடது மூலையிலும் கீழே வலது மூலையிலும் ஒரே எண் இரண்டு முறை இருக்கும். முதல் மூன்று இடங்கள் முன்னொட்டு: ஓர் இலக்கம், அடுத்து இரண்டு ஆங்கில எழுத்துகள். அதற்குப் பிறகு ஆறு இலக்கங்கள். கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முன்னொட்டின் மூன்று இடங்களும் ஒரே உயரம். அடுத்து வரும் ஆறு இலக்கங்கள் இடமிருந்து வலமாகப் போகப் போகப் பெரிதாகிக்கொண்டே போகும். 2015ல் இந்த முறை வந்தது. போலி அடிக்கிறவர்களுக்குத் தலைவலி கொடுக்கவும், சாதாரண ஆட்கள் சட்டென்று கவனிக்கவும் செய்த ஏற்பாடு. எண் வரிசை முழுக்க ஒரே உயரத்தில் இருக்கும் புது வரிசை 500 ரூபாய் கைக்கு வந்தால் சந்தேகப்படலாம். அதற்காக எண் வளர்ந்திருந்தால் அசல் என்று நினைத்துவிடக் கூடாது. அளவை வளர்த்து அச்சிடுவது ஒன்றும் மந்திரம் அல்ல.

வங்கியில் இருந்து வரும் புதுக் கட்டில் 100 நோட்டுகள். கல்யாண வீட்டு மொய்க்குச் சலவை நோட்டு தேடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அந்த நூறும் பொதுவாக அடுத்தடுத்த எண்களாக இருக்கும். எண்ணின் முதல் வேலை இதுதான்: அச்சகத்திலும் வங்கியிலும் கணக்கு வைத்துக்கொள்வது.

நட்சத்திரத்தின் கதையும் இங்கேதான் வருகிறது. இந்திய நோட்டுகள் நான்கு இடங்களில் அச்சாகின்றன: மகாராஷ்டிரத்தின் நாசிக், மத்தியப் பிரதேசத்தின் தேவாஸ், மேற்கு வங்கத்தின் சல்போனி, அப்புறம் நம் மைசூர். ஊட்டியில் இருந்து கூடலூர், முதுமலை, பந்திப்பூர், குண்டல்பேட்டை வழியாகப் போனால் வந்துவிடும் அதே மைசூர்தான். எவ்வளவு கவனமாக அச்சிட்டாலும் சில நோட்டுகளில் மை பரவும், படம் விலகும். அவற்றை எடுத்துவிட்டால் கட்டில் நூறு இருக்காது. எடுத்த இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டும். 2006 வரை புது நோட்டுகள் எல்லாம் வரிசை எண் பிசகாமல் வந்தன. அந்த ஆண்டு 10, 20, 50 ரூபாய் நோட்டுகளில் நட்சத்திர வரிசை தொடங்கியது. பழுதான நோட்டுக்குப் பதிலாக, முன்னொட்டுக்கும் எண்ணுக்கும் நடுவில் ஒரு நட்சத்திரம் போட்ட நோட்டை வைத்துவிடுகிறார்கள். கட்டில் நூறு இருக்கும், எண் வரிசை மட்டும் அங்கங்கே உடைந்திருக்கும். கட்டைச் சுற்றிய காகிதப் பட்டையிலும் நட்சத்திர நோட்டு உள்ளே இருப்பதைக் குறித்திருப்பார்கள். பிறகு 100 ரூபாய்க்கும், 2016ல் 500 ரூபாய்க்கும் இந்த முறை வந்தது. ஆக, நட்சத்திரம் என்றால் மாற்று நோட்டு. போலியோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை.

இன்னொரு பெரிய குழப்பம்: ஒரே எண்ணில் இரண்டு நோட்டு கிடைத்தால் ஒன்று கட்டாயம் கள்ள நோட்டு என்று பலர் அடித்துச் சொல்வார்கள். தவறு. ஒரே எண்ணில் இரண்டு அசல் நோட்டுகள் இருக்க முடியும் என்று ரிசர்வ் வங்கியே சொல்கிறது. எண்ணுக்குப் பின்னால் மங்கலாக ஓர் ஆங்கில எழுத்து தெரிகிறதா பாருங்கள். இதை உள்ளெழுத்து என்று வைத்துக்கொள்வோம். சில நோட்டுகளில் இது இருக்கும், சிலவற்றில் இருக்காது. எண் ஒன்றாக இருந்தாலும் உள்ளெழுத்தோ, அச்சான ஆண்டோ, கையெழுத்துப் போட்ட ஆளுநரோ மாறியிருந்தால் அவை இரண்டும் வெவ்வேறு நோட்டுகள். ஆனால் இது எல்லாமே ஒத்துப்போய், எண்ணும் ஒன்றாக இருந்தால், அப்போது உங்கள் சந்தேகம் நியாயமானது. கள்ள நோட்டுகள் ஒரே எண்ணில் கொத்தாக வருவது உண்டு.

எண்ணைப் பற்றி இன்னொரு விஷயம், போகிற போக்கில். 786ல் முடிகிற நோட்டு, ஒரே இலக்கம் ஆறு முறை வரும் நோட்டு இவற்றைச் சேர்க்கிறவர்கள் உண்டு; அது அவரவர் ஆசை. "உங்கள் பழைய நோட்டுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்" என்று வரும் விளம்பரங்கள் வேறு ரகம். ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் போட்டு இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரித்தது. பழைய நோட்டு வாங்கல் விற்றலில் அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை, கட்டணம் எதுவும் கேட்பதும் இல்லை.

ஆண்டும் கையெழுத்தும்

நோட்டைத் திருப்புங்கள். பின்பக்கம் இடது ஓரத்தில் சின்னதாக ஓர் ஆண்டு தெரியும். அது அச்சான ஆண்டு. 2005ல் இருந்துதான் இது வருகிறது. அதற்கு முந்தைய நோட்டுகளில் ஆண்டு இருக்காது. அந்த வித்தியாசத்தை வைத்தே 2014ல் ரிசர்வ் வங்கி பழைய நோட்டுகளைப் புழக்கத்தில் இருந்து எடுக்க ஆரம்பித்தது. பின்னால் ஆண்டு இல்லையென்றால் 2005க்கு முந்தையது என்று யாரும் கண்டுகொள்ளலாம் அல்லவா.

முன்பக்கம், காந்தி படத்துக்கு வலப்புறம் ஆளுநரின் கையெழுத்தும், அதன் மேலே ஒரு வாக்குறுதியும் இருக்கும். நோட்டை வைத்திருப்பவருக்கு 500 ரூபாய் கொடுக்க நான் உறுதியளிக்கிறேன் என்பது அதன் சாரம். படிக்கிறவர்களுக்கு ஒரு நியாயமான கேள்வி வரும்: நோட்டைத் திருப்பிக் கொடுத்தால் தங்கம் தருவார்களா? தர மாட்டார்கள். வேறு நோட்டோ நாணயமோ தருவார்கள், அவ்வளவுதான். அந்த வரி சொல்வது, இந்த நோட்டு ரிசர்வ் வங்கி பட்டிருக்கும் கடன் என்பதை. அந்தக் கடனுக்கு மத்திய அரசு உத்தரவாதம் கொடுக்கிறது. 1934ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டம், 26ஆம் பிரிவு. நோட்டில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் உத்தரவாத வரி தனியாக அச்சாகியிருப்பதையும் பார்க்கலாம்.

மொய்க் கவருக்குள் வைக்கிற 1 ரூபாய் நோட்டு கிடைத்தால் இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் வாக்குறுதி கிடையாது, ஆளுநர் கையெழுத்தும் கிடையாது. அதை வெளியிடுவது மத்திய அரசு. கையெழுத்துப் போடுவது நிதித்துறைச் செயலர். சட்டத்தின் கண்ணில் அது கிட்டத்தட்ட ஒரு நாணயம். இந்த இரண்டு வகைக் கையெழுத்தையும் போட்ட ஒருவர் நமக்குத் தெரிந்தவர்தான்: மன்மோகன் சிங். 1970களின் பிற்பகுதியில் நிதித்துறைச் செயலராக 1 ரூபாய் நோட்டிலும், 1982 முதல் 1985 வரை ஆளுநராக மற்ற நோட்டுகளிலும் அவர் கையெழுத்து இருக்கிறது.

கையெழுத்துக்குப் பக்கத்தில் உள்ள வட்டச் சின்னம் ரிசர்வ் வங்கியுடையது. பனைமரமும் அதன் முன்னால் ஒரு விலங்கும். பலர் அதைச் சிங்கம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து நாணயம் ஒன்றில் சிங்கமும் பனையும் இருந்தன. அதைப் பார்த்துத்தான் சின்னத்தை வரைந்தார்கள், ஆனால் சிங்கத்தை எடுத்துவிட்டுப் புலியை வைத்தார்கள். முதுமலைப் பக்கத்து ஆட்களுக்கு இந்த மாற்றம் பிடிக்கும் என்று நினைக்கிறேன். சிங்கங்கள் வேண்டுமென்றால் வலது ஓரத்தில் அசோகத் தூணில் இருக்கின்றன.

அசலா என்று பார்க்க

தொடுங்கள், சாயுங்கள், வெளிச்சத்தில் பிடியுங்கள். இந்த மூன்றும்தான் வேலை. பத்து வினாடிகூட ஆகாது. சீசன் நேரத்தில் ஊட்டி சேரிங் கிராஸ் கடையில் வரிசை நிற்கும்போதும் செய்யலாம்.

தொடுவதில் இருந்து தொடங்குவோம். நோட்டுக் காகிதம் பருத்தியில் செய்தது. அதனால்தான் சட்டைப் பையோடு துவைத்துப் போட்டாலும் கூழாகாமல் பிழைத்துக்கொள்கிறது. சமவெளிக்காரர்கள் சொல்லும் "மொறமொறன்னு இருக்கான்னு பாரு" என்ற சோதனை மட்டும் இங்கே அவ்வளவாக எடுபடாது. ஜூலையில் கூடலூர், தேவாலா பக்கம் மழை பிடித்துக்கொண்டால் கல்லாவில் இருக்கும் அசல் நோட்டும் தொய்ந்துதான் கிடக்கும். இரண்டு நோட்டு ஒட்டிக்கொண்டு வருவதும் அப்போது சகஜம். எனவே மொறமொறப்பைத் தேடாமல் புடைப்பைத் தேடுங்கள். 100, 200, 500 ரூபாய் நோட்டுகளில் காந்தி படமும் அசோகத் தூணும் புடைப்பு அச்சில் இருக்கும். விரலால் மெல்லத் தடவினால் மை எழுந்து நிற்பது தெரியும். கலர் ஜெராக்ஸில் இது வராது.

அடுத்து சாய்ப்பது. நோட்டின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் கம்பியைப் பாருங்கள். நேராகப் பார்க்கும்போது பச்சை. நோட்டைச் சாய்த்தால் நீலமாக மாறும். தேவநாகரியில் 'பாரத்' என்றும் ஆங்கிலத்தில் ஆர்பிஐ என்றும் அதில் எழுதியிருக்கும். 100, 200, 500 மூன்றிலும் இந்த நிறம் மாறும் கம்பி உண்டு. 10, 20, 50ல் கம்பி இருக்கும், நிறம் மாறாது. மாறவில்லையே என்று பயப்பட வேண்டாம். 200லும் 500லும் இன்னொரு நிறமாற்றமும் இருக்கிறது. கீழே வலப்பக்கம் ரூபாய்க் குறியோடு பெரிதாக அச்சாகியிருக்கும் தொகையைச் சாய்த்துப் பாருங்கள், அதுவும் பச்சையில் இருந்து நீலத்துக்குப் போகும். அந்த ரூபாய்க் குறியை வடிவமைத்தவர் தமிழ்நாட்டுக்காரரான உதயகுமார் தர்மலிங்கம். 2010 ஜூலையில் அது ஏற்கப்பட்டது, அடுத்த ஆண்டில் இருந்து நோட்டுகளில் வர ஆரம்பித்தது.

கம்பியைப் பற்றியும் ஒரு வதந்தி உண்டு. 500 ரூபாயில் பச்சைக் கம்பி ஆளுநர் கையெழுத்துப் பக்கம் ஒதுங்கியிருந்தால் அசல், காந்தி படத்தின் பக்கம் இருந்தால் கள்ள நோட்டு என்று. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் இதை மறுத்திருக்கிறது. இரண்டுமே செல்லும். 2016ல் 2000 ரூபாய் நோட்டுக்குள் சிப் இருக்கிறது என்று நம்பிய ஊர் நாம், கம்பியை விடுவோமா.

நோட்டைக் கண் மட்டத்துக்கு உயர்த்திச் சாய்வாகப் பார்த்தால் இடப்பக்கத்தில் 500 என்ற எண் ஒளிந்திருப்பது தெரியும். நேராகப் பார்த்தால் அது வெறும் பூவேலை. நோட்டில் கோடு போலத் தெரிபவை சிலவற்றை லென்ஸ் வைத்துப் பார்த்தால் பொடி எழுத்துகள் என்று புரியும். அசலில் எழுத்து தெளிவாக இருக்கும், போலியில் புள்ளிகளாகக் கலைந்திருக்கும்.

கடைசியாக வெளிச்சம். வலது புறத்தில் உள்ள வெள்ளை இடத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் காந்தி முகமும் பக்கத்தில் 500 என்ற எண்ணும் தெரியும். இது மையால் வரைந்தது அல்ல. காகிதம் தயாராகும்போதே சில இடங்களில் மெலிதாகவும் சில இடங்களில் தடிமனாகவும் விட்டு உண்டாக்குவது. அதனால் அசலில் முகத்தின் வெளிச்சமும் நிழலும் மெல்லக் கரைந்து மாறும். போலியில் பெரும்பாலும் வெள்ளை மையாலோ எண்ணெய்ப் பசையாலோ வரைந்திருப்பார்கள். வெளிச்சத்தில் பிடிக்காமலே ஒரு கறை மாதிரி தெரிந்துவிடும். அதே வெளிச்சத்தில் கம்பியும் விட்டுவிட்டுத் தெரியாமல் ஒரே கோடாக ஓட வேண்டும். இடப்பக்கம் முன்னால் பாதியும் பின்னால் பாதியுமாக அச்சான ஓர் எண், வெளிச்சத்தில் இரண்டும் பொருந்தி முழு 500 ஆகத் தெரிய வேண்டும். எதை நம்புவது என்று என்னைக் கேட்டால் கம்பியின் நிறமாற்றமும் இந்த வெள்ளை இடத்து முகமும்தான். மற்றதெல்லாம் கூடுதல் சாட்சி.

சில கடைகளில் புற ஊதா விளக்கு வைத்திருக்கிறார்கள். அதில் எண்கள் ஒளிரும், காகிதத்தில் கலந்த மெல்லிய இழைகள் அங்கங்கே மின்னும், காகிதம் மட்டும் மங்கலாகவே இருக்கும். கடையில் விற்கும் சாதாரண வெள்ளைத் தாளை அதே விளக்கில் வைத்தால் நீலமாகப் பளிச்சிடும். சலவைத் தூளில் ஊறிய அசல் நோட்டும் கொஞ்சம் பளிச்சிடலாம் என்பதால் விளக்கை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

போலி என்று தெரிந்த நோட்டை வேறு யார் தலையிலாவது கட்டிவிடலாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. தெரிந்தே கொடுப்பது குற்றம். வங்கியில் கட்டினால் அவர்கள் நோட்டின் மேல் முத்திரை குத்தி வைத்துக்கொண்டு ரசீது தருவார்கள். பணம் திரும்பாது. ஒரே தடவையில் நான்கு போலி நோட்டுகள் வரை இருந்தால் மாத அறிக்கையில் சேர்த்துக் காவல்துறைக்குத் தெரிவிப்பார்கள். ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும்.

விரலுக்கான குறிகள்

நோட்டின் இடது வலது ஓரங்களில் சாய்ந்த கோடுகள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அழகுக்காகப் போட்டவை அல்ல. பார்வை இல்லாதவர்கள் தடவி அறிவதற்கு. 100ல் நான்கு கோடுகள், 200ல் நான்கு கோடுகளும் நடுவே இரண்டு வட்டங்களும், 500ல் ஐந்து கோடுகள். இதோடு அசோகத் தூணின் பக்கத்தில் புடைப்பாக ஒரு வடிவம்: 100க்கு முக்கோணம், 500க்கு வட்டம், 200க்கு ஆங்கில எச் எழுத்து.

யோசனை நல்லதுதான். ஆனால் நான்கைந்து வருடம் மார்க்கெட்டில் மண் கையும் ஈரக் கையுமாகப் புரண்ட நோட்டில் இந்தப் புடைப்பு என்ன மிஞ்சும்? அளவு வித்தியாசமும் பெரிதாக உதவாது. மூன்றுக்குமே அகலம் 66 மில்லிமீட்டர். நீளம் 100க்கு 142, 200க்கு 146, 500க்கு 150. நான்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தை அவசரத்தில் விரலால் அளப்பது கஷ்டம். 2020ல் ரிசர்வ் வங்கி மணி என்ற கைப்பேசிச் செயலியை வெளியிட்டது. கேமராவை நோட்டின் மேல் காட்டினால் எத்தனை ரூபாய் என்று வாய்விட்டுச் சொல்லும். இணையம் இல்லாமலே இயங்கும் என்பதால் சிக்னல் கிடைக்காத எஸ்டேட் பக்கங்களிலும் பயன்படும்.

பார்வை உள்ளவர்களுக்கு நிறமும் பின்பக்கப் படமும் போதும். 10 பழுப்பு, கோனார்க் கோயில். 20 பச்சை கலந்த மஞ்சள், எல்லோரா. 50 நீலம், ஹம்பித் தேர். 100 இளம் ஊதா, குஜராத்தின் ராணி கி வாவ் படிக்கிணறு. 200 மஞ்சள், சாஞ்சி ஸ்தூபி. 500 சாம்பல், செங்கோட்டை. தமிழ்நாட்டுக்கு ஒன்றும் இல்லையா என்றால், 1954ல் வந்த 1000 ரூபாய் நோட்டில் தஞ்சைப் பெரிய கோயில் இருந்தது. 1978ல் அது செல்லாததாகிவிட்டது.

பதினைந்து வரிகள்

பின்பக்கத்தில் ஒரு கட்டத்துக்குள் 15 மொழிகளில் தொகை எழுதியிருக்கும். இந்தியும் ஆங்கிலமும் தனியாக இருப்பதால் மொத்தம் 17. எந்த மொழி முதலில் என்பதில் அரசியல் எதுவும் இல்லை. ஆங்கிலத்தில் அந்த மொழிகளின் பெயரை எழுதி அகர வரிசைப்படி அடுக்கியிருக்கிறார்கள். அசாமி முதலில், உருது கடைசியில். கன்னடம் நான்காவது, மலையாளம் ஏழாவது, தமிழ் பதின்மூன்றாவது. கூடலூரில் காய்கறி வாங்கும்போது காதில் விழும் மூன்று மொழிகளும் அந்தக் கட்டத்துக்குள் இருக்கின்றன. படுகு, தோடா, கோத்தா, இருளா போன்ற மலையின் சொந்த மொழிகள் அதில் இல்லை. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலேயே அவற்றுக்கு இடமில்லை. அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் எல்லாமே நோட்டுக்கு வந்துவிடவில்லை.

2016க்குப் பின் வந்த நோட்டுகளில் தொகை தேவநாகரி எண்களிலும் இருக்கிறது. இதை எதிர்த்து அப்போது மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் வழக்குப் போட்டார்கள். அலுவல் காரியங்களுக்கு இந்திய எண்களின் சர்வதேச வடிவம், அதாவது நாம் தினமும் எழுதும் 1, 2, 3 என்ற வடிவம் என்று அரசியலமைப்பின் 343ஆம் பிரிவு சொல்கிறது என்பதுதான் அவர்கள் வாதம்.

கிழிந்த நோட்டும் இரண்டு எண்களும்

எண் ஏன் இரண்டு முறை அச்சாகிறது என்ற கேள்வியை இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டுவிட்டேன். அதற்கு முன் ஒரு பழைய செய்தி. பிரிட்டிஷ் காலத்தில், 1861ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், அரசே நோட்டு வெளியிட்டபோது நாட்டை வட்டங்களாகப் பிரித்திருந்தார்கள். சென்னை வட்டத்து நோட்டைச் சென்னை வட்டத்தில்தான் சட்டப்படி காசாக்க முடியும். 5, 10, 50, 100 ரூபாய் நோட்டுகளுக்கு இந்தக் கட்டுப்பாடு 1903க்கும் 1911க்கும் இடையில் படிப்படியாகத்தான் நீங்கியது. அப்போது பெரிய தொகையைத் தபாலில் அனுப்புகிறவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். நோட்டை இரண்டாக வெட்டுவது. ஒரு பாதியை அனுப்புவது. வந்து சேர்ந்தது என்று பதில் வந்ததும் மறுபாதியை அனுப்புவது. வழியில் திருடு போனாலும் பாதி நோட்டை வைத்துத் திருடன் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு பாதிகளும் ஒரே நோட்டுதான் என்று காட்ட எண்தான் கைகொடுக்கும்.

இன்றைக்கும் இரண்டு துண்டாகக் கிழிந்து ஒட்டிய நோட்டைப் பார்த்ததும் மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்து, முக்கியமான பகுதி எதுவும் விட்டுப்போகாமல் இருந்தால் அது வெறும் அழுக்கு நோட்டுக் கணக்கில் சேரும். வங்கி முழுத் தொகைக்கு மாற்றிக் கொடுக்கும். எண்கள் வேறு வேறாக இருந்தால் யாரோ இரண்டு நோட்டுகளின் துண்டுகளை ஒட்டித் தந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதை வாங்காதீர்கள்.

ஒரு துண்டு தொலைந்தே போனால் பரப்பளவுதான் பேசும். 20 ரூபாய் வரை, பாதிக்கு மேல் இருந்தால் முழுத் தொகை, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. 50க்கும் அதற்கு மேலும், மிஞ்சிய ஒரே பெரிய துண்டு 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழுத் தொகை. 40ல் இருந்து 80 சதவீதம் வரை என்றால் பாதித் தொகை. 40க்குக் கீழே கிடையாது. 500 ரூபாய் நோட்டின் பரப்பு 99 சதுர சென்டிமீட்டர். ஆகவே சுமார் 80 சதுர சென்டிமீட்டர் மிஞ்சினால் 500, சுமார் 40 மிஞ்சினால் 250. இது 2018ல் திருத்திய விதி. வேண்டுமென்றே வெட்டியது என்று தெரிந்தால் வங்கி வாங்காது.

பேனாவால் எண்ணோ பெயரோ கிறுக்கிய நோட்டும் செல்லும், கடையில் வாங்க மறுத்தாலும் வங்கியில் மாற்றிக்கொள்ளலாம். அரசியல் கோஷமோ மதப் பிரச்சாரமோ எழுதியதுதான் சிக்கல், அதற்கு வங்கி பணம் தராது. அடுப்பில் விழுந்து கருகிய நோட்டு, தொட்டால் உதிரும் நோட்டு இவற்றை உள்ளூர்க் கிளையில் வாங்க மாட்டார்கள்; அதற்கு ரிசர்வ் வங்கியின் வெளியீட்டு அலுவலகத்துக்கு, நமக்கென்றால் சென்னைக்கு, போக வேண்டும். 2023 மே மாதம் புழக்கத்தில் இருந்து எடுத்த 2000 ரூபாய் நோட்டு பழைய புத்தகத்துக்குள் இருந்து கிடைத்தாலும் அதே அலுவலகம்தான். தபாலிலும் அனுப்பலாம், ஆனால் முழு நோட்டாக.